தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடன் இல்லையாம்!



சென்ற கூட்டத்தில் ஒரு தோழர் ஆவேசமாகப் பேசினார்: "நாம் தமிழர்கள், பிழைக்க வந்தவர்கள் என்பதால்தான் புத்தூரில் பாங்குக்காரன் வீட்டுக் கடன் தர மறுக்கிறான்!" கைதட்டல் பலமாக எழுந்தது. நான் கைதட்டவில்லை. ஏன் என்று அங்கே சொல்ல நேரம் கிடைக்கவில்லை, இங்கே எழுதுகிறேன். கோபப்படுகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படட்டும்.

எனக்குத் தெரிந்த டிராக்மேன்கள் இரண்டு பேர். இருவரும் அரக்கோணம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். ஒரே கேங். ஒரே லெவல் சம்பளம். இருவர் வீட்டிலும் பேசுவது தமிழ். ஒருவர் வீடு பஜார் பக்கம். மற்றவர் வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், காலனியில். முன்னவருக்குக் கடன் ஆயிற்று. பின்னவர், "அண்ணா, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று என்னையும் அழைத்துப் போனார். அதிகாரி காகிதக் கட்டைப் பிரிக்கவே இல்லை. தெருப் பெயரைக் கேட்டார். "அது நெகடிவ் ஏரியா சார், மேலே போகாது" என்றார். எழுத்தில் கொடுங்கள் என்றேன். சிரித்தார்.

மொழிதான் காரணம் என்றால் இரண்டு பேருக்கும் அல்லவா மறுத்திருக்க வேண்டும்?

இந்த "நெகடிவ் ஏரியா" அந்த அதிகாரி கண்டுபிடித்த சொல் அல்ல. கடன் எளிதில் கிடைக்காத எதிர்மறைப் பகுதிகள் என்று சில வங்கிகள் குறித்து வைத்திருப்பதை, முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006-ல் தன் அறிக்கையிலேயே எழுதியது. அமெரிக்காவில் இதற்கு இன்னும் பழைய வரலாறு உண்டு. 1933-ல் ஏற்படுத்தப்பட்ட வீட்டு உரிமையாளர் கடன் நிறுவனம் என்ற அரசு அமைப்பு, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நான்கு நிறம். சிவப்பு என்றால் ஆபத்து. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பு. அந்தப் படங்கள்தான் கேடு செய்தனவா, 1934-ல் வந்த கூட்டாட்சி வீட்டு நிர்வாகத்தின் விதிகளா என்று படித்தவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எதுவானாலும் கடன் வராத தெரு கடன் வராத தெருவாகவே கிடந்தது.

அதை உடைத்தது யார்? சிகாகோவில் கேல் சின்கோட்டா என்ற, ஆறு பிள்ளைகளின் தாய். அவரும் அவரைப் போன்ற பேட்டைவாசிகளும் நடத்திய போராட்டத்தால் 1975-ல் ஒரு சட்டம் வந்தது. எந்த வங்கி எந்த வட்டாரத்தில் எத்தனை வீட்டுக் கடன், எவ்வளவு தொகை கொடுத்தது என்பதை வெளியிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்! பார்க்கச் சாதுவான சட்டம். ஆனால் 1988-ல் அட்லாண்டா நகரப் பத்திரிகையாளர் பில் டெட்மன் அந்தக் கணக்கை எடுத்து வரைபடத்தில் ஏற்றினார். "அவர்கள் ஏழைகள், அதனால் கடன் குறைவு" என்பதே வங்கிகளின் வழக்கமான பதில். அவர் ஏழைப் பேட்டையையும் பணக்காரப் பேட்டையையும் ஒப்பிடவில்லை. ஒரே வருமானமுள்ள வெள்ளையர் பகுதியையும் கறுப்பர் பகுதியையும் பக்கத்தில் வைத்தார். வெள்ளையர் பகுதிக்கு ஐந்து மடங்கு கடன். வங்கிகள் வாயடைத்துப் போயின. மறு ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, மனுச் செய்பவரின் இனமும் வருமானமும் கணக்கில் சேர்ந்தன.

நம் நாட்டில் 1969-ல் 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினார்கள். முன்னோடி வங்கித் திட்டம் வந்தது. முன்னுரிமைத் துறைக்கு 40 சதவீதம் என்றார்கள். நலிந்த பிரிவினருக்குத் தனி இலக்கு. எல்லாம் சரி. ஆனால் மக்களுக்குக் காட்டும் கணக்கு மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது. 2022 ஏப்ரலில் புத்தூர் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. நம் கணக்கும் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குப் போயிருக்கும். காலனித் தெரு எந்தக் கட்டத்திலும் இல்லை. பின்கோடு வாரியாகக் கேட்டாலும் பஜாருக்கும் காலனிக்கும் 517583 ஒன்றுதான்.

வங்கியின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். காலனி மனை டி.கே.டி. பட்டா, அடமானம் செல்லாது என்பார்கள். ஏழைக்கு ஒதுக்கிய நிலத்தை விற்கக் கூடாது என்னும் 1977-ஆம் ஆண்டு ஆந்திரச் சட்டமே, ஷெட்யூல்டு வங்கிக்கு வைக்கும் அடமானத்துக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. அடுத்த வாதம்: நாளை ஏலம் போட்டால் அந்தத் தெருவில் வீடு வாங்க ஆள் வராது. ஏன் வரமாட்டான்? காலனியில் ஊர்க்காரன் குடியேறமாட்டான் என்பதுதானே அதன் பொருள்! அரசியல் சட்டம் ஒழித்த தீண்டாமையைச் சொத்து மதிப்பு என்று பெயர் மாற்றிப் பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே நாமே வரைபடம் போடுவோம். ஒரே சம்பளக்காரர்களை எடுப்போம்: ரயில்வே, ஆசிரியர், நகராட்சி. கடன் கேட்டவர் வீட்டுக்கு ஒரு புள்ளி, கிடைத்திருந்தால் கறுப்பு, மறுத்திருந்தால் சிவப்பு. பெயர் வேண்டாம், அவரவர் சம்மதித்துச் சொன்னால் போதும். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வில்லங்கச் சான்றை மட்டும் நம்ப முடியாது. பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் சில வேளை அதில் ஏறாது. வீடு வீடாகத்தான் போகவேண்டும். கிளை வாரியான மொத்தக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் அரசு வங்கிகளிடம் கேட்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மனுவைக் கிளையில் உட்கார்ந்தே தள்ளுபடி செய்ய முடியாது, மேல்நிலை அதிகாரிதான் செய்யவேண்டும் என்பதும் அவர்கள் விதியே. அன்று சிரித்த அதிகாரிக்கு இது தெரியாமலா இருக்கும்?

ஒன்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். அந்தப் படத்தில் நம் சங்கத்தாரின் வீடுகளும் வரும். கறுப்புப் புள்ளி பலவும் நம் வாசலில் விழலாம். காலனித் தமிழனுக்குப் பஜார் தெருவில் வீடு வாடகைக்குக் கொடுத்தவர் நம்மில் எத்தனை பேர் என்ற கேள்வியும் கூடவே வரும். வரட்டும்.

நகராட்சி வார்டு வரைபடத்தின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. டூட்டி இல்லாத ஞாயிறுகளில் காலை பத்து மணி முதல் சங்க அறையில் இருப்பேன். மறுக்கப்பட்டவர்கள் மட்டும் வந்தால் போதாது. கடன் கிடைத்தவர்களும் வந்து தங்கள் தெருவைக் காட்டவேண்டும்.