சாப்ட்வேர் மட்டும் மாறினால் போதுமா?

கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர் ஒருவர், "இனி கணக்கு நோட்டே தேவையில்லை, நாளையே பரணில் போட்டுவிடுவேன்" என்றார். அவசரப்பட வேண்டாம் என்றேன். பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியுள்ளன.

கொள்முதல், இருப்பு, விற்பனை, சம்பளம் எனப் பிரிவுக்கு ஒரு பைல் வைத்திராமல், அனைவரும் ஒரே டேட்டாபேஸைப் பயன்படுத்தச் செய்வதே ஈ.ஆர்.பி. இதில் ஓரிடத்தில் தவறாகப் பதிந்தால் அந்தத் தவறு எல்லாப் பிரிவுக்கும் போய்விடும்.

அமெரிக்காவின் ஹெர்ஷே சாக்லேட் நிறுவனம், 11.2 கோடி டாலர் செலவில் சாப் உள்ளிட்ட மூன்று நிறுவனங்களின் சாப்ட்வேர்களை 1999 ஜூலையில் ஒரே நேரத்தில் இயக்கத் தொடங்கியது. ஹாலோவீன் பண்டிகைக்கு ஆர்டர்கள் குவியும் சமயம் அது. கிடங்கில் சரக்கு இருந்தும், சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. அதே நிறுவனம் 2002-ல், நன்கு சோதித்துப் பார்த்த பின், சாப் தொகுப்பின் புதிய பதிப்புக்குச் சிக்கலின்றி மாறியது. எனவே குற்றம் சாப்ட்வேரில் இல்லை, அவசரத்தில்தான் என்பது என் கருத்து.

நீங்களும் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். ஆனால் தீபாவளி விற்பனை நேரத்தில் வேண்டாம். முதலில் சரக்கை எண்ணிச் சரிபார்த்துப் பதியுங்கள். பில் போடுபவருக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுங்கள். தினமும் பேக்கப் எடுங்கள். ஒரு மாதமாவது நோட்டிலும் எழுதி, இரண்டும் ஒத்துப்போகின்றனவா எனப் பாருங்கள். ஒத்துப்போன பிறகு நோட்டைத் தாராளமாகப் பரணில் போடலாம்.