கதவுக்கு வெளியே நிற்க மாட்டோம்: குறைமாதக் குழந்தைகளின் குடும்பங்கள் விடுக்கும் கொள்கைப் பிரகடனம்

முப்பத்தேழு வாரம் நிறையும் முன்பே பிறந்த பிள்ளைகளின் தாய்மார், தகப்பன்மார், தாத்தா பாட்டிகள் நாங்கள். ஒரு கிலோகூட இல்லாத பிள்ளையை வீடு கொண்டுவந்து சேர்த்தவர்கள் எங்களில் உண்டு. வெறுங்கையோடு திரும்பியவர்களும் உண்டு. இருவருக்கும் இந்த இயக்கத்தில் சம இடம். உலகில் ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தை குறைமாதத்தில் பிறக்கிறது. 2020-இல் இந்தியாவில் மட்டும் அப்படிப் பிறந்தவை சுமார் 30 லட்சம். வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு குடும்பமும் உலகத்தில் தனக்கு மட்டுமே இப்படி நேர்ந்ததென்று ஒடுங்கிப்போகிறது. அதனால்தான் ஒன்றுகூடினோம்.

எங்கள் முதல் கொள்கை இது: பெற்றவர்கள் பார்வையாளர்கள் அல்லர். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், பார்வை நேரம் எப்போது வரும் என்று காத்துக்கிடந்து, கண்ணாடி வழியே சில நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு, ‘எடை ஏறிச்சா சிஸ்டர்?’ என்று கேட்டுத் திரும்புவது வளர்ப்பு ஆகாது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாமல் தொற்றும் பரவியபோது, டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பில் சேர்த்துக் கட்டச் சொன்னார். கங்காரு தாய்ப் பராமரிப்பு அங்கே பிறந்தது. இல்லாமைக்கு மாற்று என்றே பலர் அதை நெடுநாள் நினைத்தார்கள். கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு அந்த எண்ணத்தை உடைத்தது. ஒரு கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளை, உடல் நிலைப்படட்டும் என்று காத்திராமல் பிறந்தவுடனே மார்போடு சேர்த்தபோது இறப்பு கால் பங்கு குறைந்தது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் இதற்காகத் தாயின் கட்டிலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போட்டார்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது. குடும்பத்தைப் பராமரிப்பில் சேர்க்கும்படி நம் மத்திய அரசே 2017-இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் மூடிய கதவுக்கு என்ன நியாயம்?

தொற்று வரும் என்பார்கள். முழங்கை வரை கை கழுவுகிறோம், கவுன் போடுகிறோம், சொன்ன விதி எதையும் மீற மாட்டோம். பால் பீய்ச்சவும், பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டவும் கற்றுக்கொடுங்கள். தகப்பன் மார்பிலும் அதே சூடு உண்டு. அவரையும் உள்ளே விடுங்கள். தாய் ஓர் ஊரில் அறுவைசிகிச்சைப் புண்ணோடு கிடக்க, பிள்ளை மட்டும் ஆம்புலன்ஸில் வேறு ஊர் போகும் கொடுமை முடிய வேண்டும். பிள்ளை போகும் இடத்தில் தாய்க்கும் ஒரு கட்டில் வேண்டும். காப்பாற்ற முடியாத பிள்ளையின் கடைசி மூச்சு, ஒயர்களுக்கு நடுவே போகாமல் பெற்றவர் மடியில் போக வேண்டும். இந்தக் கோரிக்கையை எங்களில் பிள்ளையை இழந்தவர்கள் எழுதினார்கள்.

இரண்டாவதாக, தாய்மேல் பழி போடுவதை எதிர்க்கிறோம். ‘எதைத் தூக்கினே? பப்பாளி தின்னியா?’ என்று கேட்கும் வாய்கள் வீட்டிலேயே இருக்கின்றன. இரத்தக் கொதிப்பு, தொற்று, முன்கூட்டியே உடையும் பனிக்குடம், இரட்டைக் கரு எனக் காரணங்கள் பல. பல நேரம் மருத்துவருக்கே காரணம் பிடிபடுவதில்லை. ‘ஏழு மாசம் தங்கும், எட்டு மாசம் தங்காது’ என்பது பொய். கருப்பையில் கூடும் ஒவ்வொரு வாரமும் பிள்ளையின் நுரையீரலுக்குப் பலம்.

கண்ணைப் பற்றி உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை 30 நாளுக்குள் நடக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்பே. குறைப்பிறப்பால் வரும் விழித்திரைக் கோளாறைக் காலத்தில் கண்டால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். சென்னையில் 1996-இல் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண்குழந்தை, இந்தப் பரிசோதனை நடக்காததால் பார்வை இழந்தாள். உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கச் சொன்னது 2015-இல். பணம் வந்தது, பார்வை வரவில்லை. பரிசோதனைத் தேதியை எழுதாமல் எந்த டிஸ்சார்ஜ் சீட்டும் குடும்பத்தின் கைக்கு வரக்கூடாது.

சட்டப்படி மகப்பேறு விடுப்பு 26 வாரம் வரை. அதில் பல வாரங்களை மருத்துவமனையே தின்றுவிட்டால், பிள்ளை வீடு வந்து சேரும்போது தாய் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. குறைப்பிரசவத்தால் தாய்க்கு உடல்நலம் கெட்டால் ஊதியத்தோடு மேலும் ஒரு மாதம் வரை விடுப்பு தரச் சட்டத்தில் இடமுண்டு என்பதே பலருக்குத் தெரியாது. அது போதவும் போதாது. பிள்ளை சிகிச்சையில் இருக்கும் நாட்களை விடுப்புக் கணக்கில் சேர்க்காதபடி சட்டம் திருத்தப்பட வேண்டும். தகப்பனுக்கும் சட்டப்படி விடுப்பு வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு மருத்துவமனை வராந்தாவில் படுத்திருப்பவருக்கு உதவித்தொகை வேண்டும்.

மருத்துவர்களும் செவிலியர்களும் எங்கள் எதிரிகள் அல்லர். எங்கள் பிள்ளைகளுக்கு மூச்சு கொடுத்தவர்கள் அவர்கள்தான். இரவு ஷிஃப்டில் ஒரே செவிலியர் அளவுக்கு மீறிய குழந்தைகளைப் பார்க்கும் நிலை மாறவும் போராடுவோம்.

இதைப் படிப்பவர்களே, உங்கள் தெருவில் ஒரு குறைமாதக் குழந்தை மருத்துவமனையில் இருந்தால் அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோங்கள். மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தாயிடம் காரணம் கேட்காதீர்கள். இப்போது அந்த வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களே, எங்களோடு சேருங்கள்.