இன்டக்டர் என்றால் வெறும் கம்பிச் சுருளா?

"இன்டக்டர் டி.சி.யை விடும், ஏ.சி.யைத் தடுக்கும்." இரண்டு மார்க் கேள்விக்கு இது போதும். பவர் சப்ளை கட்டப் போதாது. ஆனால் இந்த ஒரு வரியை வைத்தே நாலு வருஷத்தை ஓட்டிவிடுகிறார்கள் பலர். புராஜெக்ட் என்று வந்ததும் கை தானாக 7805-க்குப் போகிறது.

12 வோல்ட்டை 5 ஆக்க 7805 என்ன செய்கிறது? மிச்ச 7 வோல்ட்டைச் சூடாக்கித் தள்ளுகிறது. 1 ஆம்பியர் ஓடினால் பயன் 5 வாட், வீண் 7 வாட். அந்த ஹீட் சிங்க்கைத் தெரியாமல் தொட்டவர்களைக் கேளுங்கள்!

"ஒரு ஸ்விட்சும் கெபாசிட்டரும் வைத்து வேகமாக ஆன், ஆஃப் செய்தால் ஆச்சு, இன்டக்டர் எதுக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. ஐயா, 12 வோல்ட்டுக்கும் கெபாசிட்டரின் 5 வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்காவது விழுந்தாக வேண்டுமே? ஸ்விட்சின் ரெசிஸ்டன்ஸில்தான் விழும். ரெசிஸ்டன்ஸைக் குறைத்தால் கரண்ட் எகிறும், நஷ்டம் குறையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 7805 விரயம் செய்யும் அதே 7 வாட் வரும்.

இப்போது நடுவில் ஓர் இன்டக்டரை வையுங்கள். இதுதான் பக் கன்வர்டர். ஸ்விட்ச் ஆன் ஆகும்போது அந்த 7 வோல்ட் இன்டக்டரின் மேல் விழுகிறது. கரண்ட் படிப்படியாக ஏறுகிறது, ஆற்றல் காந்தப்புலத்தில் சேர்கிறது. ஸ்விட்ச் ஆஃப் ஆனதும் இன்டக்டரின் வோல்ட்டேஜ் தலைகீழாகித் திரும்புகிறது. டயோடு வழியே கரண்ட் நிற்காமல் ஓடுகிறது. சேர்த்து வைத்தது லோடுக்கே போய்ச் சேர்கிறது. (டயோடில் கொஞ்சம் போகும், அது தனிக் கதை.) 100 கிலோஹெர்ட்ஸில் 100 மைக்ரோஹென்றி வைத்தால் கரண்டின் ஏற்ற இறக்கம் சுமார் 0.3 ஆம்பியர்தான். இதைப் போய் 'ஃபில்டர்' என்று ஒரே வார்த்தையில் முடிப்பது அநியாயம். இங்கே வேலையே அதுதான் பார்க்கிறது!

அடுத்த கொடுமை கடையில். "100 மைக்ரோஹென்றி குடுங்க" என்பார்கள். எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேட்கவே மாட்டார்கள். ரெசிஸ்டர் மாதிரி கலர் பட்டை போட்ட குட்டி இன்டக்டரை வாங்கி வந்து 1 ஆம்பியர் இழுப்பார்கள். ஃபெரைட் கோர் சாச்சுரேட் ஆனால் இன்டக்டன்ஸ் சரிந்துவிடும். பிறகு அது கிட்டத்தட்ட வெறும் கம்பி. கரண்ட் எகிறி மாஸ்ஃபெட் புகையும். பழியும் மாஸ்ஃபெட் மேலேயே! அதே விலை, அதே கம்பெனி, இன்னொன்றை வாங்கி மாட்டுவார்கள். அதுவும் புகையும்.

1 ஆம்பியர் லோடு என்றால் இன்டக்டரில் உச்சம் 1.15 ஆம்பியர் வரும். ஆன் செய்யும் கணத்தில் அதற்கும் மேலே போகலாம். டேட்டாஷீட்டில் மைக்ரோஹென்றிக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே சாச்சுரேஷன் கரண்டைப் போட்டிருக்கிறார்கள்.