கால்நடை மருத்துவம் படிப்பவள் கதை எழுதலாமா?

நம் மாவட்டத்துப் பெண் ஒருத்திக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால், உற்றார் உறவினர் சொல்லும் முதல் வாழ்த்தோடு ஓர் அறிவுரையும் சேர்ந்தே வரும்: "இந்தக் கதை, கவிதை, கட்டுரைப் போட்டி எல்லாவற்றையும் இனி மூட்டை கட்டி வைத்துவிடு." ஐந்தரை ஆண்டுப் படிப்பு அது. உடற்கூறு, நோய்க்குறியியல், மருந்தியல் என்று பாடங்கள் மலைபோல் குவிந்து கிடக்க, எழுதுவதற்கு நேரம் ஏது என்பது அவர்கள் வாதம். தேர்வு வாரத்தில் இது நியாயமான வாதமே. மற்ற நாட்களுக்கு இது பொருந்தாது என்பது என் கருத்து.

சான்று ஒன்றைப் பாருங்கள். கன்று ஈன்ற ஓரிரு நாளில் நல்ல கறவைப் பசு ஒன்று எழ முடியாமல் படுத்துவிடுகிறது. கழுத்தை மடக்கி, தலையை விலாப்பக்கம் சாய்த்துக்கொள்கிறது. பாலில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று இறங்குவதால், இரத்தத்தில் அது குறைந்துபோவதே காரணம். அதை ஊசி வழியே இரத்தக் குழாயில் மெல்ல ஏற்றினால், சாகக் கிடந்த பசு பெரும்பாலும் சற்று நேரத்திலேயே எழுந்து நிற்கும். தாமதித்தால் உயிர் போகும். இந்த நோய்க்கு ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து, "பால் காய்ச்சல்" என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மையில் இதில் காய்ச்சலே கிடையாது! மாட்டின் உடம்பு குளிர்ந்துபோகும். பென்னாகரத்துத் தாய் ஒருத்தி மாட்டின் காதைத் தொட்டுப் பார்த்து, "காது சில்லுன்னு இருக்குதுங்க டாக்டரம்மா" என்பாள். அவள் சொன்னதுதான் சரியான நோய்க்குறி. துண்டறிக்கையில் "காய்ச்சல்" என்று படித்தவளோ, உடம்பு சுடவில்லையே, இது வேறு ஏதோ என்று காத்திருக்கக் கூடும். ஒரு சொல் தவறினால் ஒரு பசு போகும். அந்தப் பசுவை நம்பிய வீட்டின் பால் பணமும் போகும்.

இதைத் திருத்தி எழுத வேண்டியவர் யார்? சுண்ணாம்புச் சத்தின் கணக்கும் தெரிய வேண்டும். அந்தத் தாயின் பேச்சும் காதில் விழுந்திருக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே அமைந்தவள் இம்மண்ணிலிருந்து கல்லூரிக்குச் சென்ற மாணவியே. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசியாக நின்றது நம் தருமபுரி மாவட்டம் என்பதையும் மறக்கலாகாது. இங்கே மாட்டைக் கவனிக்கும் அம்மாவுக்குத் துண்டறிக்கையைப் படித்துக் காட்டுபவள் பள்ளியில் படிக்கும் மகள். ஆகவே காதால் கேட்டாலே புரியும்படி எழுத வேண்டும். அது எளிய வேலை என்று எண்ணுபவர் ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.

கோமாரி, சப்பை நோய், அடைப்பான், துள்ளுமாரி என்று நோய்களுக்கெல்லாம் நம் முன்னோர் அழகாகப் பெயரிட்டார்கள். மாட்டு வாகடம் என்ற பெயரில் மாட்டு வைத்தியத்தைப் பாட்டாகவே ஓலையில் எழுதி வைத்தார்கள். அதில் உள்ள மருந்தெல்லாம் பலிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. மருத்துவத்தையும் எழுத்தையும் ஒரே கையில் பிடிக்கலாம் என்பது நமக்குப் புதிதன்று என்பதற்காகவே சொன்னேன்.

இக்காலத்திலும் சான்றுக்குக் குறைவில்லை. இலங்கையின் எழுவைதீவில் பிறந்து, பேராதனையில் கால்நடை மருத்துவம் பயின்று, ஆஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் குடியேறிய நோயல் நடேசன் தமிழில் நாவலாசிரியராகவும் விளங்குகிறார். அவருடைய "வண்ணாத்திக்குளம்" நாவலில் வருபவர் ஒரு கால்நடை மருத்துவர். "அசோகனின் வைத்தியசாலை"யிலோ விலங்கு மருத்துவமனையே கதைக்களம். "வாழும் சுவடுகள்" என்ற நூலில், தம்மிடம் வந்த பிராணிகளையும் அவற்றைக் கொண்டுவந்த மனிதர்களையும் எழுதினார். நோய்வாய்ப்பட்ட நாயைத் தூக்கி வருகிறவரின் வீட்டுத் துயரமும் அந்த மேசைமேல் வந்துவிடுகிறது. இதை வேறு எந்தத் தொழிலில் இருப்பவர் இவ்வளவு அருகில் காண முடியும்?

மாணவியாக இருக்கும்போதே எழுதியவர் வேண்டுமென்றால் அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டினைச் சொல்வேன். 1947-இல் பிறந்த இவர் ஆட்டிசம் உடையவர்; மூன்றரை வயதுவரை பேசவில்லை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் விலங்கு அறிவியல் பயின்ற 1970-களில், பெண் என்பதால் மாட்டுப் பண்ணைகளில் இவரை உள்ளே விட மறுத்தார்கள். அங்கிருந்த வேளாண் இதழ் ஒன்றுக்கு எழுதத் தொடங்கினார். அந்தப் பத்திரிகையின் நிருபர் அட்டை கதவைத் திறந்தது! மாடுகள் ஏன் நடைவழியில் திடீரென்று நின்றுவிடுகின்றன என்று தாமே அந்த வழியில் இறங்கி, மாட்டின் கண் மட்டத்தில் பார்த்தார். தொங்கும் ஒரு சங்கிலி, வேலியில் போட்ட ஒரு சட்டை, தரையில் விழும் ஒரு நிழல் - இவையே காரணம். அடிக்காமல், அதட்டாமல் மாடுகளை நடத்தும் அமைப்புகளை இவர் வகுத்தார். வட அமெரிக்காவின் பல இறைச்சிக் கூடங்கள் அவற்றை ஏற்றன. மாடு எதைப் பார்க்கிறது என்று பிசகாமல் எழுதுவது அறிவியலா, இலக்கியமா? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

(பேசும் பசுவை வைத்து அறிவுரை சொல்லும் கதைகளை இனிக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பேசாத பசுவைப் பற்றி எழுதவே நிறைய இருக்கிறது.)

பெண்ணுக்கு இது ஏற்ற படிப்பா என்ற கேள்விக்குச் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1952-இல் பட்டம் பெற்ற சக்குபாய் ராமச்சந்திரன் அன்றே விடை சொல்லிவிட்டார். அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நம் பக்கத்து வேலை வேறு காத்திருக்கிறது. ஒகேனக்கல் பக்கத்துக் காவிரிக்கரை ஊரின் பெயரைத் தாங்கிய ஆலம்பாடி மாடு, இழுவைக்குப் பேர்போன இனம், பால் குறைவு. டிராக்டரும் கலப்பினப் பசுவும் வந்தபின் அருகிப்போயிற்று. அதைக் காக்கக் காரிமங்கலத்தில் ஆராய்ச்சி மையம் ஏற்பட்டிருக்கிறது. மாட்டை மையம் காக்கும். காட்டுக்கு ஓட்டிச்சென்று பட்டி போட்டவர்களின் அறிவை யார் காப்பது? எந்த நிறத்துக்கு என்ன பெயர், எந்தச் சுழி ஆகாது, கோடையில் எந்தத் தழையை ஒடித்துப் போட்டார்கள் என்பதெல்லாம் பாட்டன்மாரோடு போய்க்கொண்டிருக்கிறது. கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வரும் மாணவி, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நான்கு திண்ணைகளில் உட்கார்ந்து எழுந்தால் போதும்.

கல்லூரி செல்லும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை, தோழியரே. ஆடு மாடு உள்ள வீட்டிலிருந்து வருகிறவர்கள் நம் வகுப்புகளில் எத்தனையோ பேர். அடுத்த ஆண்டு மலருக்கு நிலாவையும் வானவில்லையும் பற்றிய கவிதைகளோடு, "எங்கள் வீட்டுப் பசு கன்று ஈன்ற இரவு" என்று ஒரு பக்கமும் வரட்டும். எத்தனை மணிக்கு வலி கண்டது, நஞ்சுக்கொடி எப்போது விழுந்தது, அம்மா என்ன செய்தாள் என்று எல்லாவற்றையும் பார்த்தபடியே எழுதுங்கள்.