இல்லக் களஞ்சியமும் இரட்டை வடமும்

முற்காலத்தில் ஒரு குடும்பத்தின் நினைவுகள் யாவும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கின. காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் சில புகைப்படங்களுமே அதன் செல்வம். இக்காலத்தில் அப்பெட்டியின் இடத்தை ‘நாஸ்’ எனப்படும் மின்பெட்டி பெற்று வருகிறது. வன்தட்டுக்கள் பொருத்தப்பெற்று, வீட்டு வலையமைப்புடன் வடத்தினால் இணைக்கப்பெறும் இதனை இல்லக் களஞ்சியம் என்றே கூறலாம். வீட்டிலுள்ள கணினிகளும் கைத்தொலைபேசிகளும் இதில் வைக்கவும் இதிலிருந்து எடுக்கவும் இயலும்.

இத்தகைய பெட்டிகள் பலவற்றின் பின்புறத்தில் வடம் செருகும் துளைகள் இரண்டு உள. இரண்டையும் பயன்படுத்தி வடங்களைப் பிணைத்துவிட்டால் வேகம் இருமடங்காகும் என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எவ்வளவு பொருத்தமானது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

‘இணைப்புத் திரட்டல்’ எனப்படும் இம்முறைக்கான பொது நியமம் 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றது. கல்முனையிலிருந்து நிந்தவூரினூடாக அக்கரைப்பற்றுக்குச் செல்லும் வீதியின் அருகே, அதே போன்ற இன்னொரு வீதி அமைக்கப்படுவதாகக் கொள்வோம். நெரிசல் குறையும், பல பேருந்துகள் ஒரே வேளையில் செல்லலாம். ஆயினும் தனியொரு பேருந்து ஒரு வீதியிலேயே ஓடும். அது பாதி நேரத்தில் போய்ச் சேராது. வடங்களின் நிலையும் இதுவே. ஒரு கணினி களஞ்சியத்துடன் நடத்தும் உரையாடலின் துண்டுகள் முன்பின்னாக மாறிவிடாதிருக்கும் பொருட்டு, அவை யாவும் ஒரே வடத்தின் வழியாகவே அனுப்பப்படுகின்றன. எந்த வடம் என்பது அனுப்புவோர், பெறுவோர் முகவரிகளைக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். செக்கனுக்கு 1 கிகாபிற்று கடத்தும் வடத்தில் நடைமுறையில் ஏறத்தாழ 110 மெகாபைற்று செல்லும். 100 கிகாபைற்று அளவான கலியாண வீடியோவை மாற்றச் சுமார் 15 நிமிடம் வேண்டும். இரண்டு வடங்களைப் பிணைத்தாலும் ஒரு கணினிக்கு அதே 15 நிமிடமே. இரு கணினிகள் ஒரே வேளையில் வெவ்வேறு வடங்களைப் பெற்று, வன்தட்டுக்களும் ஈடுகொடுத்தால் மாத்திரமே பயன் தெரியும். மேலும், இம்முறையை அறிந்த ஆளிப்பெட்டி, அதாவது ‘சுவிட்ச்’, வீட்டில் இருத்தல் வேண்டும். மலிவான பெட்டிகள் பலவற்றில் இவ்வசதி இல்லை.

தனியொரு கணினிக்கே வேகம் வேண்டுவோர்க்கு வேறு வழியுண்டு. 2016இல் வெளியான நியமத்தின்படி, வீடுகளில் ஏற்கனவே உள்ள வடங்களிற் பெரும்பாலானவை 2.5 கிகாபிற்று வேகத்தைத் தாங்கும். கணினி, ஆளிப்பெட்டி, களஞ்சியம் ஆகிய மூன்றும் அதற்கேற்றனவாய் இருந்தாற் போதும்.

பிணைப்பினால் விளையும் மற்றொரு நன்மை, ஒரு வடம் அறுந்தாலும் மற்றது பணியைத் தொடர்வதாகும். எனினும் இது வழிக்குரிய பாதுகாப்பே. களஞ்சியத்துள் இருக்கும் பொருளுக்குரியதன்று. இரு வன்தட்டுக்களில் ஒரே பொருளை எழுதிவைத்தலும் முழுக் காவலன்று. தவறுதலாக அழித்த படம் இரண்டிலுமே அழியும். பெட்டி நீரில் மூழ்கினால் இரண்டும் ஒருங்கே போகும்.

நமது கரையோரத்தார்க்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த கடற்கோள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. உயிர் தப்பியோரிலும் எத்தனையோ குடும்பத்தினர் உறுதிகளையும், மறைந்தோரின் முகத்தைக் காட்டும் ஒரேயொரு படத்தையும் இழந்தனர். காணி உறுதிக்குப் பிரதி பெற வழியுண்டு. மூத்தம்மாவின் படத்துக்கு அவ்வழியில்லை.

ஆதலின், அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீற்றர் குரோ பரப்பிய எளிய விதியை மனத்திற் கொள்க: பிரதிகள் மூன்று, அவை இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில். இரண்டாம் வடத்துக்கும் புதிய ஆளிப்பெட்டிக்கும் செலவிடுமுன், அப்பணத்தில் ஒரு வெளி வன்தட்டை வாங்குக. அதில் யாவற்றையும் பிரதி செய்து, சம்மாந்துறையிலோ கண்டியிலோ வாழும் உறவினர் இல்லத்தில் வைக்குக. பெருநாளுக்குச் செல்லும்போதெல்லாம் அதனைப் புதுப்பிக்கும் பொறுப்பை வீட்டிலுள்ள மாணவரிடம் ஒப்படைத்தல் நன்று. இது நிறைவேறிய பின்னர் இரட்டை வடத்தைப் பற்றிச் சிந்திக்கலாம்.