டயப்பர் புண்ணுக்குப் படர்தாமரை டியூபா?

1/ கீழ்பென்னாத்தூர்ல இருந்து ஒரு அம்மா. 6 மாசக் குழந்தைக்கு டயப்பர் இடமெல்லாம் சிவப்பு. "மெடிக்கல்ல கொடுத்தாங்க சார்"னு காட்டினது, பெரியவங்க படர்தாமரைக்குப் பூசுற டியூப்!

2/ அட்டையைத் திருப்பிப் படிங்க. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன்னு இருந்தா அது வீரியமான ஸ்டீராய்டு. முதல்ல சிவப்பு மறையும். போகப்போக தோல் மெலியும். டயப்பர் மூடியிருக்கறதால ரத்தத்துலயும் கூடுதலா கலக்கும்.

3/ ஸ்டீராய்டு க்ரீம்களை 2018லயே அரசு ஷெட்யூல் எச்-ல சேர்த்தாச்சு. சீட்டு இல்லாம விற்கக்கூடாது. விற்கிறவரும் கேக்கல, வாங்குற நாமும் கேக்கல.

4/ நனைஞ்சதும் மாத்துங்க. தண்ணியில கழுவி, ஒத்தி எடுங்க. கொஞ்ச நேரம் காத்தாட விடுங்க. ஜிங்க் ஆக்சைடு களிம்பைத் திக்கா பூசுங்க. பவுடர் வேணாம்.

5/ 3 நாள்ல குறையலையா? தொடை மடிப்புல பரவுதா? பூஞ்சையா இருக்கலாம். டாக்டர்கிட்ட காட்டுங்க, கடைக்காரர்கிட்ட இல்ல.