பரப்பலையும் தாய்மொழியும்

உயர் அறிவியலைத் தமிழில் உரைக்க இயலாது என்னும் பழம்பாட்டைத் தமிழருள் சிலரே இன்றும் பாடித் திரிகின்றனர். அக்கூற்று எத்துணைப் பொய் என்பதற்குப் பரப்பலையின் வரலாறே சான்று.

இரு பொருள்கள் தொடும் எல்லையை ஒட்டியே ஊர்ந்து, இருபுறமும் உள்ளே செல்லச் செல்லத் தேய்ந்து மறையும் மின்காந்த அலையே பரப்பலை. காந்தப்புலம் பரப்பில் குறுக்காகக் கிடக்கும் அலை பிறக்க, எல்லையின் ஒருபுறத்து விடுதிறன் நேர்க்குறியும் மறுபுறத்தது எதிர்க்குறியும் பெற்றிருத்தல் வேண்டும். காற்றை அடுத்த வெள்ளியும் பொன்னும் ஒளிக்கு இவ்வாய்ப்பைத் தருகின்றன. மின்புலம் குறுக்காகக் கிடக்கும் அலைக்கோ உட்புகுதிறன் அவ்வாறு குறி மாறவேண்டும். அதனை அம்மாழைகள் தாரா. மாந்தன் வகுத்துச் செய்த மீப்பொருள் தரும். அலைநீளத்தினும் மிகச் சிறிய, வெட்டுவாய் உடைய செப்பு வளையங்களை வரிசைப்பட நிறுத்தினால், குறித்த அதிர்வெண்களில் உட்புகுதிறனே எதிர்க்குறி பெறும். ஆகவே மீப்பொருளின் எல்லையில் இருவகை அலைகளும் வாழ இடமுண்டு.

இவ்வறிவு எம்மொழியில் பிறந்தது? தரைக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட எல்லையில் செல்லும் அலையைச் சென்னெக்கு 1907-இல் வகுத்துரைத்தது செருமானிய மொழியில். இரு திறன்களும் ஒருங்கே எதிர்க்குறி பெற்ற பொருளில் ஒளி மாறாக விலகும் என்று வெசெலாகோ 1967-இல் எழுதியது உருசிய மொழியில். குறி மாறாமலே, திசைக்குத் திசை பண்பு மாறும் ஒளிபுகு பளிங்கின் எல்லையிலும் பரப்பலை பிறக்கும் என்று தியாக்கோனோவ் 1988-இல் காட்டியதும் உருசிய மொழியிலேயே. அவ்விருவர் கட்டுரைகளையும் ஆங்கிலம் பின்னர்ப் பெயர்த்துக்கொண்டது. வெசெலாகோவின் கூற்று 2001-இல் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் செப்பு வளையங்களாலும் கம்பிகளாலும் மெய்ப்பிக்கப்பெற்றது. தியாக்கோனோவின் அலை 2009-இல் கண்டறியப்பெற்றது. தாய்மொழியில் எண்ணியவரை உலகம் தேடி வந்தது.

ஆயினும் பழி, தமிழை மறுப்போர்மேல் மட்டுமன்று. 'பரப்பலை', 'மீப்பொருள்' எனச் சொல்லாக்கி அகரமுதலியில் அடைத்துவிட்டால் கடமை முடிந்தது எனக் கருதும் தமிழ்ப்பற்றாளரும் பழிக்கு உரியரே. சொல் வாழும் இடம் வகுப்பறையும் ஆய்விதழும். உருசியர்க்குத் தம் மொழியில் ஆய்விதழ் இருந்தது. அதிலேயே அவர்தம் கணக்கும் கருத்தும் மோதித் தெளிந்தன. தமிழிலும் அத்தகைய இதழ்கள் எழல் வேண்டும். முதுகலை வரை இயற்பியல் தமிழிலேயே நடத்தப்பெறல் வேண்டும்.

விடுதிறன் என்றதும் மாணவன் உள்ளத்தில் அதன் பொருள் விளங்கவேண்டும். அந்நாள் வரும்வரை, பிறர் எண்ணியதை நெட்டுருச் செய்து தேர்வு எழுதி மறப்பவனாகவே அவன் இருப்பான்.